வெப்ப லேசரை நடுவில் விழவைக்க: சிவப்புக் கதிரா, வெப்பக் கேமராவா, ஹார்ட்மன் உணரியா?

வெப்ப லேசர் என்று நான் சொல்வது கார்பன் டை ஆக்சைடு லேசரை. அதன் 10.6 மைக்ரோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சிலிக்கா என்ற கண்ணாடிப் பொருளில் விழுந்தால் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டு வெப்பமாகிவிடும். அமெரிக்காவில் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் இருக்கும் லைகோ ஈர்ப்பலைக் கூடங்களுக்கு இது தேவைப்படுவது இதனால்தான். அங்கே 40 கிலோ எடையும் 34 செ.மீ. விட்டமும் கொண்ட கண்ணாடிகள் முதன்மை லேசரின் சூட்டில் தாமே லென்ஸாக மாறத் தொடங்கும். அதைச் சரிக்கட்ட, பக்கத்தில் தொங்கும் ஈடுசெய் தகட்டை வெப்ப லேசரால் சூடாக்குகிறார்கள். கண்ணாடியிலேயே நேராகப் பாய்ச்சினால் லேசரின் ஏற்ற இறக்கம் அதை அசைத்துவிடும்.

நான் வேலை செய்வது மேசை அளவில், சின்ன சிலிக்காக் கண்ணாடிகளோடு. வெப்பக் கதிரைச் சரியாக நடுவில் விழவைக்கத் தலைப்பில் சொன்ன மூன்று வழிகளையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு ஹார்ட்மன் உணரிக்கே வந்துவிட்டேன்.

வெப்பக் கதிரின் பாதையிலேயே கண்ணுக்குத் தெரியும்படி அனுப்பும் சிவப்பு வழிகாட்டிக் கதிர் மலிவு, முதல்கட்ட வேலைக்குப் போதும். ஆனால் பாதையில் இருக்கும் துத்தநாக செலினைடு லென்ஸ் இரண்டு கதிர்களையும் ஒரே மாதிரி வளைக்காது. அதன் ஒளிவிலகல் எண் வெப்பக் கதிருக்குச் சுமார் 2.40, சிவப்புக்குச் சுமார் 2.59. வெப்பக் கதிரை 100 செ.மீ. தூரத்தில் குவிக்கும் லென்ஸ் சிவப்பை 88 செ.மீ. தூரத்திலேயே குவித்துவிடும். லென்ஸின் மையம் கொஞ்சம் விலகியிருந்தாலும் இரண்டு புள்ளிகளும் பிரிந்து நிற்கும்.

வெப்பக் கேமரா பொய் சொல்லாது. சூடு எங்கே விழுகிறதோ அதையே காட்டும். லேசரைத் திறந்த முதல் சில நொடிகளில் பார்ப்பது நல்லது. ஒரு மில்லிமீட்டர் பரவச் சூட்டுக்குச் சுமார் ஒரு நொடி ஆகும், ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு நிமிடம் வரை. நேரம் போகப் போகப் புள்ளியின் விளிம்பு கலங்கிவிடும். பட்டுத் திரும்பும் லேசர் ஒளி கேமராவுக்குள் நேராகப் போகாதபடி சாய்த்து வைப்பதும் முக்கியம்.

சரி, அப்புறம் ஏன் ஹார்ட்மன்? எதற்கு நடு என்பதுதான் கேள்வி. கேமராவில் நான் அளப்பது கண்ணாடியின் விளிம்பிலிருந்து. முதன்மைக் கதிரோ விளிம்பைப் பார்த்து விழுவதில்லை. அது விழுகிற இடத்துக்குத்தான் வெப்பப் புள்ளியின் நடு பொருந்த வேண்டும். ஹார்ட்மன் உணரியில் ஒரு சோதனைக் கதிர் கண்ணாடி வழியே வந்து, துளைகள் நிறைந்த தகட்டைக் கடந்து, கேமராவில் புள்ளிக் கூட்டமாக விழும். சூடான இடத்தைக் கடந்த புள்ளிகள் நகரும். அந்த நகர்விலிருந்து, சூட்டால் உருவான லென்ஸின் வரைபடம் கிடைக்கும்; சூடான இடம் அதில் மேடாகத் தெரியும். முதன்மைக் கதிர் தானே உண்டாக்கும் மேடும், வெப்ப லேசர் உண்டாக்கும் மேடும் ஒரே வரைபடத்தில் வந்துவிடுவதால் இரண்டின் மையங்களையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். ஒன்றுக்கொன்று விலகியிருந்தால், திருத்தம் போக மிஞ்சுவது ஒருபக்கச் சாய்வு. அதைப் போக்க வெப்ப லேசரின் திறனைக் கூட்டிப் பயனில்லை.

தொல்லையும் உண்டு. அறையின் காற்றோட்டமே புள்ளிகளை ஆட்டிவிடும், பாதையைக் குழாயால் மூட வேண்டும். படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ வரலாம்; அதனால் திசைதிருப்பும் கண்ணாடியைக் கொஞ்சம் திருகி, மேடு எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பார்த்துக்கொள்வேன். விலையும் அதிகம்.

வளைய வடிவக் கதிரில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே வெப்பக் கேமராவே வசதியாக இருக்கலாம். வளையத்தின் ஒரு பக்கம் மங்கினால் படத்தில் உடனே தெரிந்துவிடும்.