அரசிதழ் வந்தாயிற்று, அடுத்து எந்த அலுவலகம்?

என் பழைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் நான்காவது பெண்ணுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூர் அலுவலகத்தில் சீனரும் மலாய்க்காரரும் அந்தப் பெயரை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வார்கள். தமிழர்கள்தான் ஒரு கணம் நிறுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். மாற்றியதற்கு அதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பெயர் மாற்றம் தமிழ்நாடு அரசிதழில் வெளியாகிவிட்டது. ஆதார், பான், வங்கி, நிலம், பாஸ்போர்ட் என்று மீதிப் பட்டியலோடு திருச்சியில் வந்து இறங்கினேன்.

முதலில் அரசிதழைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெளிவாக இருந்தால்தான் பின்னால் வருவது எல்லாம் ஓடும். சென்னை அண்ணா சாலையில் இருக்கும் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைதான் இதை வெளியிடுகிறது. இன்னாரின் மகள், பிறந்த தேதி இது, சொந்த மாவட்டம் இது, இந்த முகவரியில் வசிப்பவர், இனி இந்தப் பெயரால் அறியப்படுவார் என்று ஆங்கிலத்தில் நாலைந்து வரி. அவ்வளவுதான். ஒருவருடைய பெயருக்குக் கீழே இன்னொருவர் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. மதம் மாறியவர்கள், எண் கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டியவர்கள், பள்ளியில் யாரோ தவறாக எழுதிவிட்டதைத் திருத்துபவர்கள் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். எனக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது.

விண்ணப்பிக்கும்போதே தீர்மானிக்க வேண்டிய ஒன்று தலைப்பெழுத்து. நமக்குப் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து போதும். பள்ளிச் சான்றிதழும் அப்படித்தான் இருக்கும், ஆதாரிலும் அது ஓடிவிடும். ஆனால் பான் விண்ணப்பம் தலைப்பெழுத்தை ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கிறது. பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயரை முழுதாகத்தான் எழுத வேண்டும். ஆகவே புதிய பெயரை அப்பாவின் முழுப்பெயரோடு அரசிதழில் போட்டுவிட்டால், அதே எழுத்துகளை எல்லா இடத்திலும் காட்டலாம். தலைப்பெழுத்தோடு போட்டவர்கள், அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று பிறகு தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஆதாருக்குத் தாலுகா அலுவலக வளாகத்தில் உள்ள மையத்துக்குப் போனேன். காலையில் டோக்கன், பிறகு வேப்பமரத்தடி. முழுப்பெயரும் மாறுகிறது என்றால் அரசிதழோடு, பழைய பெயரும் படமும் உள்ள ஓர் அடையாள அட்டையும் வேண்டும். நான் காட்டியது பான் அட்டை. இதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன்: அவசரப்பட்டுப் பானை முதலில் மாற்றியிருந்தால், ஆதார் மையத்தில் பழைய பெயருக்குக் காட்ட என் கையில் ஒன்றும் இருந்திருக்காது. ஒவ்வொரு ஆவணமும் அடுத்ததற்குச் சாட்சி; சாட்சியை முதலில் மாற்றிவிடக் கூடாது. நான் வெளிநாடு போவதற்கு முன்பே உள்ளூர்வாசியாக ஆதார் எடுத்தவள். வெளிநாட்டுவாழ் இந்தியர் என்று பதிவு செய்து எடுத்தவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான் அடையாளச் சான்று, அவர்கள் தொடங்க வேண்டிய இடம் வேறு.

மையத்தில் இருந்த பெண் கெட்டிக்காரர். கட்டணம் 75 ரூபாய் என்பதையும், ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். "அதனால் திரையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா" என்றார். என் புதிய பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் தட்டியதைக் கணினி தானே தமிழாக்கியபோது அந்த இடத்தில் ஜகரம் வந்து உட்கார்ந்தது. அவரே அதை அழித்துவிட்டு விசைப்பலகையில் தேடித் தேடிச் சரியாக அடித்தார். பின்னால் நின்ற பெரியவர் பொறுமை இழந்து இருமிக்கொண்டே இருந்தார்.

பெயர் மாற்றத்தில் பெரிய இடர் பெயரே இல்லை, தொலைபேசி எண்தான். ஆதார் தளத்திலும் வருமான வரித் தளத்திலும் எதைத் தொட்டாலும் ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கிறது. ஆதாரோடு வெளிநாட்டு எண்ணை இணைக்க முடியாது. பயன்படுத்தாமல் கிடக்கும் உள்நாட்டு எண்ணை நிறுவனம் துண்டித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடும். என் பழைய எண்ணுக்கு இப்போது அழைத்தால் ஓர் இரும்புக்கடைக்காரர் எடுக்கிறார், நல்ல மனிதர். புதிய சிம் வாங்கி, அதே வரிசையில் நிற்கும்போதே எண்ணையும் மாற்றிக்கொண்டேன். அதற்கு ஆவணம் எதுவும் கேட்கவில்லை, கைரேகை போதுமாக இருந்தது.

பான் எளிது. ஆதாரில் புதிய பெயர் ஏறியதும் திருத்த விண்ணப்பம் போட்டேன். அட்டையை உள்நாட்டு முகவரிக்கு அனுப்ப 107 ரூபாய், வெளிநாட்டு முகவரிக்கு 1,017 ரூபாய் என்று இருந்தது. அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்தேன்.

பாஸ்போர்ட்டைத் தொடவில்லை. ஊரில் எல்லோரும் "வந்த கையோடு அதையும் முடித்துவிடு" என்றார்கள், பெரிய அத்தான் விண்ணப்பத்தையே திறந்து வைத்துவிட்டார். ஆனால் திரும்பும் டிக்கெட் பழைய பெயரில் இருக்கிறது, வேலை அனுமதியும் பழைய பெயரில். பாஸ்போர்ட்டில் மட்டும் பெயர் மாறிவிட்டால் விமான நிலையத்தில் மூன்று காகிதத்தில் இரண்டு பெயர். போலீஸ் விசாரணை முடிவதற்குள் விடுமுறை முடிந்துவிடும் என்ற கவலை வேறு. சிங்கப்பூரில் இந்தியத் தூதரகத்தில் மாற்றிக்கொண்டு, அந்தப் பாஸ்போர்ட்டோடு மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்துக்கொள்வதுதான் எனக்குச் சரி. ஊரில் செய்ய வேண்டியதை ஊரில், சிங்கப்பூரில் செய்ய வேண்டியதைச் சிங்கப்பூரில். அத்தான் இன்னும் இதை ஏற்கவில்லை.

நிலம்தான் நான் பயந்தது. அப்பா போன பிறகு எங்கள் நால்வர் பெயரிலும் கூட்டுப் பட்டா, வாரிசுச் சான்றிதழிலும் என் பழைய பெயர். கிராம நிர்வாக அலுவலர் அரசிதழை இரண்டு முறை படித்தார். "வாரிசுச் சான்று அன்றைக்கு இருந்த நிலையைச் சொல்வது, அதை ஏன் கலைக்கிறீர்கள்? நாளை பாகப்பிரிவினையோ விற்பனையோ வரும்போது பத்திரத்தில் பழைய பெயர் என்கிற புதிய பெயர் என்று எழுதி, அரசிதழ் எண்ணையும் தேதியையும் சேர்த்துவிடுங்கள்" என்றார். பள்ளிச் சான்றிதழுக்கும் இதே வழிதான்: பழையதை அப்படியே வைத்துக்கொண்டு கூடவே அரசிதழ். எல்லாக் காகிதத்தையும் புதிதாக்கிவிட வேண்டும் என்ற என் வேகம் அங்கேதான் தணிந்தது. 2020 ஜூனில் எழும்பூர் உட்பட 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்ட அரசே, சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் எம்மாத்திரம்?

வங்கிக் கிளை ஒன்றில்தான் மனம் கசந்தது. பெயர் மாற்ற அறிவிப்புகள் வரும் அரசிதழில், வெளியீட்டுக்குச் சட்டப் பொறுப்பு ஏற்கப்படாது, விளைவுகளுக்கு அறிவிப்பவரே முழுப் பொறுப்பு என்று பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அதிகாரி அதை உரக்கப் படித்தார். "அரசே பொறுப்பு இல்லை என்கிறதே அம்மா, நாங்கள் எப்படி ஏற்பது?" அந்தக் குறிப்பு எல்லோருடைய பெயர் மாற்றத்துக்கும் பொதுவாக அச்சாவது என்று சொன்னேன். நீதிமன்ற ஆணை உண்டா என்றார். பிறகு நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் போதும் என்றார். கொண்டுபோனபோது அவர் விடுப்பில் இருந்தார். அடுத்த மேசைக்காரர், வெளிநாட்டுவாழ் இந்தியர் கணக்கு என்பதால் புதிய பெயரில் பாஸ்போர்ட் வந்தால்தான் முடியும் என்றார். இந்தக் கடைசிக் காரணம் நியாயமானதுதான். முதல் நாளே சொல்லியிருந்தால் நோட்டரி செலவு மிச்சம். கணக்கு இன்னும் பழைய பெயரில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று: அரசிதழில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு போகாதீர்கள். இதழின் எண்ணும் தேதியும் இருப்பது முதல் பக்கத்தில், அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். துறையின் இணையதளத்திலிருந்து இறக்கிய கோப்பையும் தொலைபேசியிலேயே வைத்திருங்கள். அந்த முதல் வங்கி அதிகாரியைத் தவிர மற்ற எல்லோரும் முதலில் பார்த்தது அந்தத் தேதியைத்தான்.