இரண்டு பாடங்களை மாற்றச் சொன்ன ஏஜென்ட், பறிபோன மாணவர் தகுதி

திருப்பதியில் உள்ள ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்தை நம்பி அமெரிக்காவுக்கு முதுகலை படிக்கச் சென்ற நான், இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே மாணவர் தகுதியை இழந்து நகரிக்குத் திரும்பி வந்திருக்கிறேன். நகரி, புத்தூர், திருத்தணிப் பக்கத்திலிருந்து அதே வாசலை நோக்கிப் புறப்படும் பிள்ளைகளும் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதற்காக, நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். என் தவறும் இதில் உண்டு.

எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் நைனா கல்விக் கடன் வாங்கினார். ஆலோசனைக் கட்டணம் என்று நிறுவனம் 85,000 ரூபாய் பெற்றுக்கொண்டது. வங்கி இருப்பு குறைவாக இருந்தால் ஒரு மாத வட்டிக்குப் பணம் போட்டுக் காட்டலாம் என்று அவர்களே யோசனை சொன்னபோது, இல்லாத பணத்தைக் காட்டி மகளை அனுப்ப மாட்டேன் என்று நைனா மறுத்துவிட்டார். அந்த யோசனையைக் கேட்ட அன்றே நாங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதல் பருவம் சிக்கலின்றி முடிந்தது. இரண்டாம் பருவக் கட்டணத்துக்குக் கடன் தவணை வரத் தாமதமானபோது, நிறுவனத்தில் என்னைக் கவனித்துக்கொண்டவரிடம் வாட்ஸ்அப்பில் யோசனை கேட்டேன். என் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்கள் பருவத்துக்கு 9 கிரெடிட், அதாவது மூன்று பாடங்கள் எடுக்க வேண்டும். இணையவழிப் பாடங்களுக்கு அங்கே கட்டணம் குறைவு. "ரெண்டு பாடத்தை ஆன்லைனுக்கு மாத்திக்கோம்மா, கணக்குக்கு ஒன்பதுதானே, ஏம் காது (ஒண்ணும் ஆகாது)" என்றார். பாடங்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாளில் இரண்டு நேரடி வகுப்புகளை விட்டுவிட்டு, இரண்டு இணையவழிப் பாடங்களில் சேர்ந்தேன். பல்கலைக்கழகத் தளம் எந்தத் தடையும் சொல்லவில்லை. முழுநேர மாணவி என்றே காட்டியது.

பள்ளம் இங்கேதான் இருந்தது. தளம் காட்டும் முழுநேரக் கணக்கு பல்கலைக்கழகத்தின் கணக்கு. எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவின் கணக்கு வேறு: ஒரு பருவத்தில் ஒரே ஒரு இணையவழிப் பாடம், அல்லது 3 கிரெடிட், மட்டுமே முழுநேரப் படிப்பில் சேரும். ஆகவே என் ஒன்பது, விசாவின் கணக்கில் ஆறு. உடல்நலக் குறைவு, தொடக்கக் காலப் படிப்புச் சிரமம், கடைசிப் பருவம் போன்ற சில காரணங்களுக்காகக் குறைந்த பாடங்களுடன் படிக்க வழி உண்டு என்றாலும், டி.எஸ்.ஓ. எனப்படும் வெளிநாட்டு மாணவர் அலுவலக அதிகாரி, பாடத்தை விடுவதற்கு முன்பே அதற்கு அனுமதி தந்திருக்க வேண்டும். பணத் தட்டுப்பாடு அந்தக் காரணங்களில் இல்லை. ஏறக்குறைய நான்காம் வாரத்தில் அந்த அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, நேரடி வகுப்புகளில் மீண்டும் சேரும் நாள் கடந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்களுக்காக அமெரிக்க அரசு வைத்திருக்கும் செவிஸ் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே, அனுமதியின்றிப் பாடங்களைக் குறைத்தவர் என்ற காரணத்துடன் தகுதி நீக்கம் பதிவானது.

இதற்கிடையில், ஆன்லைனுக்கு மாறச் சொன்ன அதே ஏஜென்ட் எனக்கு ஒரு வேலைக் கடிதத்தையும் 600 டாலருக்கு விற்றிருந்தார். இந்தக் கடிதம் இருந்தால் சி.பி.டி. கிடைத்துவிடும், வெளியே முழுநேரம் வேலை பார்க்கலாம், அதுவரை ஒரு கடையில் கைப்பணத்துக்கு நின்றுகொள் என்றார். சி.பி.டி. என்பது பாடத்திட்டத்தோடு சேர்ந்த பயிற்சி வேலை. அதைத் தர வேண்டியவர் டி.எஸ்.ஓ., அந்த அனுமதி, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஏறிய பிறகே, அதில் குறித்த நிறுவனத்தில், குறித்த தேதிகளில் மட்டும் வேலை செய்யலாம். முதல் நாளிலிருந்தே பயிற்சி கட்டாயம் என்று வகுக்கப்பட்ட சில முதுகலைப் படிப்புகளைத் தவிர, மற்றவர்கள் ஒரு முழுக் கல்வியாண்டை முடித்திருக்க வேண்டும். இரண்டாம் பருவத்தில் இருந்த எனக்கு அந்தக் கடிதம் வெறும் தாள். சட்டப்படி எனக்குத் திறந்திருந்தது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலை மட்டும்தான். தகுதி இருக்கும் மாணவர்களுக்கும் ஒரு செய்தி: முழுநேர சி.பி.டி. 12 மாதத்தை எட்டினால், அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி., அதாவது படிப்புக்குப் பின் அங்கே வேலை பார்க்கும் அனுமதி, முழுவதும் போய்விடும். விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

எங்கள் பக்கத்தில் இது தெரியாத கதையும் அல்ல. 2011-இல் கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் விசா மோசடிக்காகச் சோதனைக்குள்ளானபோது சிக்கியவர்களில் பெரும்பாலோர் ஆந்திரப் பிள்ளைகள். சிலர் காலில் கண்காணிப்புப் பட்டையுடன் நின்ற படத்தை அன்றைய செய்தித்தாள்கள் போட்டன. 2019-இல் மிச்சிகனில் வெளிவந்த ஃபார்மிங்டன் விவகாரத்தில், பல்கலைக்கழகத்தையே அமெரிக்க அதிகாரிகள் போலியாக நடத்தியிருந்தார்கள். அதையெல்லாம் படித்திருந்தும், ஊர்க்காரர், நம் பேச்சுப் பேசுகிறவர் என்று நம்பினேன்.

கடை வேலைக்கு நான் போகவில்லை. பயந்துதான் போகவில்லை, விதி தெரிந்து அல்ல. அந்தப் பயம் ஒரு கதவைத் திறந்து வைத்தது: அனுமதியில்லாத வேலை செய்யாதவர்கள், தகுதி போன ஐந்து மாதத்துக்குள், அதை மீட்கக் கோரி விண்ணப்பிக்கலாம். ஆனால் பாடத்தைக் குறைத்தது என் கையை மீறிய காரணத்தால் என்று காட்ட வேண்டியிருந்தது, அது பொய்யாகியிருக்கும். படிப்பை முடித்தவர்களுக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசமும் எனக்கில்லை என்று டி.எஸ்.ஓ. சொன்னதால், பயணச்சீட்டு எடுத்துத் திரும்பினேன். மீண்டும் போக வேண்டுமானால் புதிய ஐ-20, புதிதாக 350 டாலர் செவிஸ் கட்டணம், 185 டாலர் விசாக் கட்டணம், நேர்காணலில் நடந்ததைச் சொல்லும் கடமை. சி.பி.டி.க்கான ஓராண்டுக் கணக்கும் முதலிலிருந்து ஓடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்க நைனாவும் நானும் திருப்பதிக்குப் போனோம். விசா கிடைத்ததோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்றார்கள். ரசீதில் ஆலோசனைக் கட்டணம் என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. 600 டாலர் இன்னொருவர் கணக்குக்குப் போனதால், அது தங்களுக்குத் தெரியாது என்றார்கள். வாட்ஸ்அப் உரையாடலை நான் அழிக்காமல் வைத்திருந்ததால், அதை இணைத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இப்படிப்பட்ட நிறுவனத்தில் கட்டணம் கட்டப் போகிறவர்கள், விசாவுக்குப் பிறகு தரும் யோசனைக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்கா போன பிறகு பாடத்தை விடுவதானாலும் வேலையில் சேர்வதானாலும், டி.எஸ்.ஓ.வுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வந்த பிறகு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

விசா கிடைத்த நாளில் பாஸ்போர்ட்டைப் பிடித்தபடி என்னை நிற்க வைத்து எடுத்த படம், அந்த அலுவலக வாசலில் பெரிய பேனராக இன்னும் தொங்குகிறது. கழற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன்.