கோழியைக் கழுவுவதா, அப்படியே சட்டியில் போடுவதா?

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பணம், பிள்ளை வளர்ப்பு, ஊருக்கு எப்போது போவது என்று எல்லாவற்றிலும் ஒரு வழிக்கு வந்துவிட்டோம். பச்சைக் கோழி விஷயத்தில் மட்டும் போன வருஷம் வரைக்கும் சண்டைதான்.

நான் சிங்கப்பூரில், தோ பாயோவில் வளர்ந்தவள். அம்மா தேக்கா சந்தையில் கோழி வாங்கி வந்தால், மஞ்சள்தூளும் கல் உப்பும் போட்டுப் பிசைந்து நாலு தண்ணீர் மாற்றுவார். ஐந்தாவது தண்ணீர் தெளிவாக வந்த பிறகுதான் கறி அடுப்புக்குப் போகும். என் கணவருக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அங்கேயும் கழுவத்தான் செய்வார்கள். ஆனால் சிங்கப்பூர் வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தார். இங்கே கடையில் உணவைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்தாக வேண்டும். அந்தப் பயிற்சியும் அந்தச் சமையலறையும் அவரை மாற்றிவிட்டன. "கழுவின தண்ணி எங்கம்மா போகுது?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. எனக்கோ, கழுவாத கோழியைக் கையால் தொட்டாலே மனசு ஒப்பாது.

நாங்கள் மூன்று முறைகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். குழாயைத் திறந்துவிட்டுச் சிங்க்கில் கழுவுவது ஒன்று. அகலமான குண்டானில் தண்ணீர் பிடித்து, குழாயை மூடிவிட்டு, அதற்குள்ளேயே அலசுவது இன்னொன்று. மூன்றாவது, கழுவவே கழுவாமல் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து மசாலா தடவுவது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோழிக்கு நான் இப்போது அவர் கட்சி, கழுவுவதில்லை. ஆட்டுக்கறிக்கு மட்டும் குண்டான்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிக் கடந்துவிடலாம். கிருமியைக் கொல்வது சூடுதான். கோழியின் உள்பகுதி 75 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் பிழைக்காது. மஞ்சள், உப்பு, எலுமிச்சை, வினிகர் எல்லாம் வாடையைக் குறைக்கும், அந்த வேலையைச் செய்யாது. கழுவினால் சுத்தம் என்று நம்புகிறவர்களுக்கு 2015ல் இங்கே நடந்ததை நினைவுபடுத்துவேன். கஞ்சிக் கடைகளில் பச்சையாகப் பரிமாறிய நன்னீர் மீனைச் சாப்பிட்டுப் பலர் கடுமையான தொற்றில் விழுந்தார்கள். அந்த வருஷம் டிசம்பரிலேயே கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது. அந்த மீனெல்லாம் கழுவாமலா தட்டுக்கு வந்திருக்கும்? அடுப்பைப் பார்க்காமல் வந்ததுதான் வினை.

நறுக்கும் பலகை பற்றியும் நிறையப் பேர் கேட்பார்கள். எங்கள் வீட்டில் கறிக்குச் சிவப்பு பிளாஸ்டிக், காய்க்கு மரம். பிளாஸ்டிக்கில் கத்திக்கீறல் ஆழமானால் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. கடையிலேயே துண்டு போட்டுத் தரச் சொல்லிவிட்டால் பலகைக்கே பாதி வேலை இல்லை.

சண்டையெல்லாம் சிங்க்கில்தான். வீவக வீட்டுச் சமையலறையை, அதாவது இங்கே அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். சிங்க் ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. ஒரு பக்கம் கழுவிக் கவிழ்த்த தட்டு, டம்ளர் உலரும் கூடை. இன்னொரு பக்கம் ஒரு முழம் மேடை, அதில் மகளின் தண்ணீர் பாட்டில், பாதி நறுக்கிய வெங்காயம். சிங்க்குக்குள் ஸ்பாஞ்ச், ஓரத்தில் சோப்பு பாட்டில். அரிசி களைவதும் அங்கேதான், கொத்தமல்லி அலசுவதும் அங்கேதான், சாப்பிடும் முன் பிள்ளை கை கழுவுவதும் அங்கேதான்.

அமெரிக்க வேளாண் துறையும் நார்த் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2019ல் வெளிவந்தது. கோழித் துண்டுகளில் தீங்கில்லாத, ஆனால் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு கிருமியைத் தடவிக் கொடுத்து, கோழியும் சாலட்டும் செய்யச் சொன்னார்கள். கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் அந்தக் கிருமி இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேரின் சிங்க்கில் மிச்சம் இருந்தது. 26 சதவீதம் பேரின் சாலட் இலைக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

இதை அவர் எனக்குப் படித்துக் காட்டியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஃபோனை வாங்கி மிச்சத்தையும் நானே படித்தேன். கோழியைக் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் சாலட்டில் அந்தக் கிருமி இருந்திருக்கிறது! "பாத்தீங்களா? கழுவாதவங்க சாலட்லயும்தான் இருக்கு" என்றேன். காரணமும் அதிலேயே இருந்தது. கையைச் சரியாகக் கழுவாதது, பிறகு அந்தக் கை பட்ட பாத்திரமும் சிங்க்கும். அன்றைக்கு இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கோழி சுத்தமா என்று இத்தனை வருஷம் வாதாடியிருக்கிறோம். கறி அடுப்பேறிய பிறகு எதையெல்லாம் தேய்க்க வேண்டும், அதை யார் தேய்ப்பது என்று ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை.

அடுத்த ஒரு மாதம் அதை மட்டும் கவனித்தோம். மூன்று முறைகளையும் நான் எடைபோட்டது அதை வைத்துத்தான்.

குழாயில் கழுவிய நாட்களில், கறி அடுப்பேறிய பிறகு ஒழுங்காகச் சுத்தம் செய்ய எனக்குக் கால் மணி நேரம் ஆனது. தட்டுக் கூடையிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து மறுபடி கழுவ வேண்டும். குழாய், அதன் பிடி, சுவர் டைல்ஸ், சோப்பு பாட்டில், மேடை என்று ஒன்று விடாமல் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் குழாய் கொக்குக் கழுத்து மாதிரி உயரமானது. வீட்டைப் புதுப்பித்தபோது அழகாக இருக்கிறதே என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். 2022ல் சில இயற்பியல் ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குழாய் உயரம் கூடக் கூடத் தெறிப்பும் கூடுகிறது. கோழித்தோல் மெத்தென்று இருப்பதால் தண்ணீர் விழும் இடத்தில் குழி விழுந்து இன்னும் அதிகமாகத் தெறிக்கிறது. தெறித்த துளிகளில் கிருமியும் இருந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்தக் கால் மணி நேர வேலையை நான் முழுதாகச் செய்ததே அந்த ஒரு மாதம்தான். அதற்கு முன்னால் எட்டு வருஷம் சிங்க்கில் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன்.

குண்டானில் அலசினால் ஏழெட்டு நிமிஷம். தெறிப்பது மிகவும் குறைவு. தண்ணீரைச் சரித்து ஊற்றும்போதுதான் கவனம் வேண்டும். குண்டானின் விளிம்பைச் சிங்க்கின் அடியிலேயே வைத்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். அப்புறம் சிங்க்கையும் குண்டானையும் தேய்த்தே ஆக வேண்டும்.

கழுவாமல் செய்தால் மூன்று நிமிஷம். கோழி வந்த பிளாஸ்டிக் தட்டைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து, டிஷ்யூவால் ரத்தத் தண்ணீரை ஒற்றி, இடுக்கியால் துண்டுகளை எடுத்துப் போடுவேன். தட்டையும் டிஷ்யூவையும் ஒரே பையில் கட்டி உடனே குப்பைக்கு அனுப்பிவிடுவேன். கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும், குழாய்ப் பிடியைத் துடைக்க வேண்டும். அவ்வளவுதான். தட்டுக் கூடையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

வேலை முடிந்து இரவு ஏழரைக்கு வீட்டுக்கு வருகிற இரண்டு பேருக்கு இந்த வித்தியாசம் பெரிது. கால் மணி நேரம் கேட்கிற முறையை என்றைக்காவது ஒரு நாள் பாதியில் விட்டுவிடுவோம். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வருவது அப்படி ஒரு நாளில்தான். எங்கள் மகளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. கோழியால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாரம் கோழி கழுவிய அதே சிங்க்கில்தான் அவளுக்கு வெள்ளரிக்காய் அலசிக் கொடுத்தேன். அது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

சரி, வாடை? என் தரப்பில் மிச்சமிருந்த பெரிய கேள்வி அதுதான். பேரங்காடியில் தட்டில் வைத்துச் சுற்றி விற்கிற கோழியில் கவிச்சி பெரும்பாலும் அந்த ரத்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. ஒற்றி எடுத்துவிட்டு, மஞ்சள், இஞ்சி பூண்டு, தயிர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தால் குழம்பிலும் வறுவலிலும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அம்மா நாலு தண்ணீரில் போட்டுக் கொட்டிய மஞ்சளை நான் மசாலாவிலேயே விட்டுவிடுகிறேன். சூப்பில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. அதற்கு வழி சொன்னவர் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி. எலும்புத் துண்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் சில நிமிஷம் போட்டு, நுரை பொங்கியதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் சூப் வைக்கச் சொன்னார். கொதித்த தண்ணீர் என்பதால் கொட்டும்போது பச்சைத் தண்ணீர் அளவுக்குப் பயமில்லை. சூப்பும் தெளிவாக வருகிறது.

உறைந்த கோழி இன்னொரு கதை. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, அதுவரை உறைந்த கோழியைத் தொடாத எங்கள் அம்மாவே பிரேசில் கோழி வாங்கினார். காலையில் சிங்க்கில் வைத்துவிட்டு மத்தியானம் சமைப்பார். நம் ஊர் வெயிலில் மேல்பகுதி இளகிச் சூடாகிவிடும், நடுவில் இன்னும் கல்லாக இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும். முந்தின நாள் இரவே ஒரு கிண்ணத்தில் வைத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் போட்டுவிடுவதுதான் சரி. அடித்தட்டு ஏன் என்றால், சொட்டினாலும் கீரைமேல் சொட்டாது. சிங்க்குக்கும் வேலை இல்லை.

ஆட்டுக்கறிக்கு நான் ஏன் மாறவில்லை? தேக்காவில் எலும்போடு வெட்டித் தரும்போது பொடி எலும்பு ஒட்டிக்கொண்டு வரும். பல்லில் ஒன்று மாட்டினால் போதும், அன்றைய சாப்பாடு போச்சு. டிஷ்யூவால் அதை எடுக்க முடியவில்லை. அதனால் குண்டான். குழாயைத் திறக்காமல், கையால் மெதுவாக இரண்டு முறை அலசுவேன். அதற்கு முன்னால் காய், கீரை, அரிசி எல்லாம் கழுவி முடித்து, தட்டுக் கூடையையும் காலி செய்துவிடுவேன். கடைசியில் சிங்க்கைச் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவான பிளீச் கலந்து ஊற்றிச் சில நிமிஷம் விட்டுவிடுவேன். வினிகர் ஊற்றிச் சிங்க் தேய்க்கிற பழக்கம் உள்ளவர்கள் அதோடு பிளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு வரும்.

மீனைப் பற்றி என் அனுபவம் குறைவு. சந்தையிலேயே செதில் எடுத்துச் சுத்தம் செய்துதான் வாங்குகிறேன், வீட்டில் குண்டானில் ஒரு அலசு. குடல், ஈரல் எல்லாம் நான் வீட்டில் செய்ததே இல்லை. அதற்கு அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் புருஷனோ பெண்டாட்டியோ கழுவியே தீருவேன் என்றால் ஒரு யோசனை சொல்வேன். கழுவாதே என்று பேச்சைத் தொடங்காதீர்கள். எங்களுக்கு எட்டு வருஷம் அதிலேயே போனது. கழுவுகிறவரே அந்தக் கால் மணி நேரச் சுத்தத்தையும் கூடையிலிருந்து பாட்டில் வரைக்கும் முழுதாகச் செய்யட்டும். இரண்டு மூன்று வாரத்தில் அவரே குண்டானைத் தேடுவார். எனக்கு அப்படித்தான் நடந்தது. அவர் எனக்காகச் செய்ததும் ஒன்று உண்டு. அந்தக் கொக்குக் கழுத்துக் குழாயை மாற்றி, கட்டையான குழாய் போட்டார். நான் கேட்கவே இல்லை.

போன தீபாவளிக்கு அம்மா வந்திருந்தார். நான் கோழியைக் கழுவாமல் மசாலா தடவுவதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, மாப்பிள்ளை இதை எப்படி வாயில வைக்கிறாரு?" என்றார். "அவர் சொல்லித்தாம்மா இப்படிச் செய்றேன்" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. ஆட்டுக்கறியைக் குண்டானில் போட்டு அலசும் வேலையைத் தானே வாங்கிக்கொண்டார். அலசி முடித்து, குழாயைத் திறக்கப் போன கையை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தட்டுக் கூடையைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அப்புறம் திறந்தார்.