கபடி டம்மி: கடற்கரை மணலில் ஆறு மாதம் உருட்டிய பிறகு

தேவிபட்டினம் பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கபடி சொல்லிக் கொடுக்கிறேன். பிடி பழக நாலடி உயர ரெக்சின் டம்மி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். உறை மட்டும்தான் வரும், உள்ளே நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

முதலில் நல்லது. கணுக்கால் பிடிக்குத் தாவப் பயந்த பையன்கள்கூட இப்போது தயங்காமல் விழுகிறார்கள். ஆளை வைத்துப் பழகினால் பத்துப் பிடிக்கு மேல் ரைடராக நிற்கிற பையனுக்கு முட்டி வலி எடுத்துவிடும், டம்மி என்றால் ஒரே பிடியை ஐம்பது தடவை போடச் சொல்லலாம், தலை எந்தப் பக்கம் போகிறது, தோள் எங்கே படுகிறது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டலாம்.

இந்த யோசனை பழசு. அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்கிற அமெரிக்கர் 1889-ல் யேல் பல்கலைக்கழகத்தில் மெத்தையைச் சுருட்டி இப்படிப் பழகினார் என்பார்கள். அவர்கள் ஃபுட்பால் நம் கால்பந்து இல்லை, பந்தை அணைத்துக்கொண்டு ஓடுபவனை மடக்கிச் சாய்க்கிற ஆட்டம், கபடிப் பிடிக்குப் பங்காளி. அந்த வருஷமே முதல் ஆல் அமெரிக்கா அணியில், அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் பட்டியலில், இடம் பிடித்தார். பேஸ்பாலில் பந்து வீசுவதும் அவர்தான். 1892-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்து முதன்முதலாகப் பொதுமக்கள் முன்னால் நடந்தபோது ஆசிரியர் அணியில் ஆடினார். மாணவர்கள் 5-1 என்று ஜெயித்தார்கள், அந்த 1 இவர் போட்டது. அதே வருஷம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கோச் ஆனவர் 1932 வரை இருந்தார். 70 வயதாகிவிட்டது என்று அனுப்பினார்கள், நேரே கலிபோர்னியா போய் இன்னும் 14 சீசன் கோச்சாக இருந்தார், 81 வயதில் ஆண்டின் சிறந்த கோச் விருதும் வாங்கினார்! "கபடி மட்டும் ஆடட்டும், பந்தெல்லாம் எதுக்கு" என்று கேட்கிற அப்பாக்களிடம் இவர் கதையைத்தான் சொல்கிறேன்.

சரி, குறைக்கு வருவோம். ஜிப் படுமோசம். உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் துருவேறி இறுகிவிட்டது. விற்றவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. வலை சீர் செய்கிற அண்ணன் ஒருவர் ஜிப்பை அறுத்துப் போட்டுவிட்டு நைலான் நூலால் முடிச்சு முடிச்சாகத் தைத்துக் கொடுத்தார், இன்றுவரை ஒரு தையல் விடவில்லை.

அப்புறம், முழுக்க மணல் மட்டும் போட்டு நிரப்பாதீர்கள். நான் முதலில் அதைத்தான் செய்தேன், கல் மாதிரி இறுகி ஒரு பையனுக்குத் தோள் கன்றிப்போனது. இப்போது அடியில் மட்டும் ஒரு சின்னச் சாக்கு மணல், மேலே கிழிந்த வலையைத் துண்டு துண்டாக வெட்டி அடைத்திருக்கிறேன். மோதினால் உள்வாங்குகிறது, நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, வலைக்குக் காசும் கொடுக்க வேண்டியதில்லை, கரையில் குவிந்து கிடக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஜிப்புக்குப் பதில் கயிறு கோத்து இழுக்கிற மாதிரி கிடைத்தால் கடலோரத்துக்காரர்கள் அதையே வாங்குங்கள்.