மூலக்கடை தாண்டி ஒரு நர்சரி, வாசலில் ஓசி நாற்று

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். முந்தின வருஷம் ஆன்லைனில் ஒரு பாக்கெட் குடுவைச் சுரை விதை வாங்கினேன், 5 விதை 80 ரூபாய். அட்டையில் இடுப்பு சிறுத்து அடி பெருத்த அழகான குடுவைப் படம். சென்னை கொடுங்கையூர் வெயிலில் மொட்டை மாடிக்குத் தண்ணீர் சுமந்து, பந்தல் போட்டு வளர்த்தால் காய்த்தது சாதா நீட்டுச் சுரை. கூட்டு வைத்துச் சாப்பிட்டோம், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் கேட்டது காய வைத்துத் துளை போட்டுச் சிட்டுக்குருவிக்கு வீடாகத் தொங்கவிடும் குடுவை.

அப்புறம்தான் மூலக்கடையிலிருந்து மாதவரம் போகும் வழியில் இருக்கும் இந்த நர்சரிக்குப் போனேன். பெயர்ப் பலகை எதுவும் கிடையாது, பச்சை வலைப் பந்தல்தான் அடையாளம். அதை நடத்தும் அக்காவிடம் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "விதை எடுத்த தோட்டத்துப் பக்கத்துல நீட்டுச் சுரை இருந்திருக்கும்பா, ரெண்டும் ஒரே ஜாதி, பூச்சி கலந்து விட்டுடும்" என்றார். உண்மைதான். குடுவை, நீட்டு, சட்டி, வாத்து எல்லாமே ஒரே இனம். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், அந்திப்பூச்சி ஒரு பந்தலிலிருந்து இன்னொரு பந்தலுக்குப் போனால் விதை கலந்துவிடும், அடுத்த தலைமுறைக் காய் எந்த உருவத்தில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. விதைக்கு விடும் பெண் மொட்டுகளுக்கு இவர் முன்கூட்டியே துணிப்பை கட்டிவிட்டு, மாலையில் ஆண் பூவைப் பறித்துத் தானே தடவுகிறார். அந்த விதையில் வந்த நாற்று ஒன்று 25 ரூபாய். இரண்டு வாங்கினேன்.

அதுவும் உடனே கிடைத்துவிடவில்லை, நான் முதலில் போனது ஆடியில். விற்கவே மாட்டேன் என்றுவிட்டார். "கறிக்குன்னா ஆடியில போடு. காய வைக்கணும்னா தையில வா, இப்ப போட்டா காய் முத்துற நேரம் ஐப்பசி மழை புடிச்சுக்கும், அழுகிடும்." வந்த காசை வேண்டாம் என்று சொல்லும் கடை எத்தனை இருக்கிறது? இதற்கே பாதி மார்க் போட்டுவிட்டேன்.

வாசலில் இரண்டு செங்கல் அடுக்கின் மேல் ஒரு பழைய கதவுப் பலகை கிடக்கும். பக்கத்துத் தெருக்களில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் மிஞ்சிய நாற்றுகளை டீ கப்பிலும் பால் கவரிலும் கொண்டுவந்து வைப்பார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. ஆசைப்பட்டு 'சுரை' என்று எழுதியிருந்த ஒரு கப்பை எடுத்து வந்தேன். அது பூசணி! சின்னதில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், நிஜ இலை வந்ததும் தடவிப் பார்த்தால் போதும், சுரை இலை வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும், பூசணி சொரசொரக்கும். போய்ச் சொன்னால், "அது ஓசி பலகைபா, அதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல" என்றார். நியாயம்தான், இருந்தாலும் ஒரு மார்க்கர் பேனாவாவது கட்டித் தொங்கவிடலாம்.

வாங்கின இரண்டையும் 20 லிட்டர் பெயிண்ட் வாளிகளில் வைத்தேன். கொடி தலைக்கு மேல் ஏறியதும் நுனியைக் கிள்ளச் சொன்னார், பக்கக் கிளையில்தான் பெண் பூ அதிகம் வருமாம். யூடியூபில் எல்லோரும் 3ஜி கட்டிங் என்று பெரிதாகப் பேசுவதன் முதல் படி இதுதான், அதில் பக்கக் கிளையின் நுனியையும் கிள்ளுவார்கள். நான்கு காய் தேறியது, இரண்டைப் பழ ஈ குத்திவிட்டது. பிஞ்சைச் சமைப்பதாக இருந்தால் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் தூக்கிப் போடச் சொன்னார். கசக்கும் சுரை விஷம், விளையாட்டில்லை.

காம்பு காய்ந்த பிறகு பறித்து நிழலில் தொங்கவிட்டேன். ஒரு மாதத்தில் ஓடு முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். பதறிப்போய் போட்டோ காட்டினால், "அமுக்கிப் பாரு, கெட்டியா இருந்தா உடு" என்றார். ஆவணியில் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம். ஒன்றேகால் அங்குலத்தில் ஓட்டை போட்டேன், பெரிதாகப் போட்டால் மைனா புகுந்துவிடும். துளை போடும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசு தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வடிய அடியில் மூன்று சின்னத் துளை, அவ்வளவுதான். இதுவரை எட்டிப் பார்த்தது ஓர் அணில் மட்டும்.

குறை என்றால், இவர் விற்கும் மண் கலவை. தென்னை நார்க்கழிவு ரொம்ப அதிகம், கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கிறது, நம் வெயிலில் காலையில் ஊற்றினால் மதியம் மேல்மண் காய்ந்துவிடும். நாற்று மட்டும் வாங்குங்கள், மண்ணை நீங்களே கலந்துகொள்ளுங்கள். மதியம் போகாதீர்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார். சில்லறை கொண்டு போங்கள், ஜிபே ஒட்டியிருக்கிறது, சிக்னல் இருக்காது.

காயிலிருந்து எடுத்த விதையை ஓர் இரவு ஊறப் போட்டு, நெயில் கட்டரால் ஓரத்தை லேசாக வெட்டி இந்தத் தையில் போட்டேன், தேவைக்கு மேல் 11 நாற்று நிற்கிறது. அந்தக் காய் பிடித்தது எதிர்வீட்டுப் பந்தலில் நீட்டுச் சுரை பூத்திருந்த நேரம், நான் பையும் கட்டவில்லை. சனிக்கிழமை பலகையில் கொண்டுபோய் வைக்கிறேன், கப்பில் 'குடுவைச் சுரை, கலந்திருக்கலாம்' என்று எழுதியிருக்கும்.