ரன் ஆட்டத்தை அடைக்க மூன்று வழிகள்: எதிரணி எதை இழக்கச் சம்மதிக்கிறது?

அமெரிக்கக் கால்பந்தில் பெரிய ஆட்டம் நெருங்கும்போதெல்லாம் ரசிகர்களிடையே எழும் முதல் கேள்வி, பந்தை ஏந்தி ஓடும் நம் ரன்னிங் பேக்கை மடக்க எதிரணி எத்தனை பேரை முன்னால் நிறுத்தும் என்பதுதான். என்னைக் கேட்டால், அந்த எண்ணிக்கையைவிட, அதற்காக அவர்கள் எதை விட்டுக்கொடுக்கப் போகிறார்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். களத்தில் இருப்பது பதினொரு பேர்தான். ரன்னையும் (பந்தை ஏந்தி ஓடுவதை) அடைத்து நீண்ட பாஸையும் (தூரத்துக்குப் பந்தை வீசுவதை) அடைக்க நினைப்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பதாகவே முடியும்.

பழைய வழி, எட்டுப் பேரை முன்வரிசைக்கருகே குவிப்பது. தாக்கும் அணியின் முன்வரிசையில் மோதி மறிக்கும் ஐந்து லைன்மேன்களோடு, வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு டைட் எண்டும் பின்னால் நிற்கும் ஒரு ஃபுல்பேக்கும் சேர்ந்தால்கூட வழி அமைத்துக் கொடுப்பவர்கள் ஏழு பேர்தான். எட்டாவது ஆளை மறிக்க எவரும் இல்லாததால் அவர் நேராகப் பந்தை ஏந்தியவரிடம் வந்து நிற்பார். தடுப்புப் பயிற்சியாளர் பட்டி ரயன் இப்படி எட்டுப் பேரைக் குவித்து வகுத்த ‘46’ என்ற தடுப்பைக் கொண்டு சிகாகோ பேர்ஸ், 1986 ஜனவரியில் நடந்த சூப்பர் போல் இறுதிப்போட்டியில் நியூ இங்கிலாந்தின் ரன் ஆட்டத்தை மொத்தமே 7 யார்டுகளில் முடக்கி 46-10 என்று வென்றது. ஆனால் அதே பருவத்தில் அந்த அணி கண்ட ஒரே தோல்வியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மயாமியில் 38-24 என்று முடிந்த அந்த ஆட்டத்தில், மயாமியின் குவாட்டர்பேக் (பாஸ் வீசுபவர்) டேன் மரினோ, பாஸைப் பிடிக்கும் ரிசீவர்கள் மூவரைப் பரப்பி நிறுத்தி, அவர்களில் ஒருவரான நாட் மூரை, முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும், வேகம் குறைந்த லைன்பேக்கர்கள் துரத்த வேண்டிய நிலைக்குத் தள்ளினார்.

இதற்கு நேர்மாறானது, ரன்னைத் தெரிந்தே விட்டுவிடுவது. 1991 ஜனவரியில் நடந்த சூப்பர் போலில் நியூயார்க் ஜயன்ட்ஸின் தடுப்புப் பயிற்சியாளராக இருந்த பில் பெலிசிக், பஃபலோவின் குவாட்டர்பேக் ஜிம் கெல்லியின் வேகமான பாஸ் ஆட்டத்துக்கு அஞ்சி, முன்வரிசையில் பெரும்பாலும் இரண்டு லைன்மேன்களை மட்டும் வைத்துப் பின்களத்தை நிரப்பினார். பஃபலோவின் தர்மன் தாமஸ் 15 முறை ஓடி 135 யார்டுகள் எடுத்தார். ஆயினும் வென்றது ஜயன்ட்ஸ், 20-19. இதைத் தடுப்பாட்டத்தின் சாதனையாக மட்டும் பேசுவது சரியல்ல. ஜயன்ட்ஸின் தாக்குதல் அணி 40 நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. அது இல்லையென்றால், அதுவும் கடைசியில் பஃபலோவின் 47 யார்டு உதை வலப்பக்கம் விலகிப் போகாமல் இருந்திருந்தால், இந்தத் திட்டத்தை இன்று யாரும் புகழ்ந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஆறு பேரை ஆட்டம் தொடங்கும் கோட்டின்மீதே அகலமாக நிறுத்தி, ஒரே ஒரு லைன்பேக்கரைப் பின்னால் வைத்து, நான்கு பேரைப் பின்களத்திலேயே விட்டுவைப்பது. 2018 பருவத்தில் பயிற்சியாளர் ஷான் மெக்வேயின் லாஸ் ஏஞ்சல்ஸ் ரேம்ஸ், முழு லைனும் ஒரே பக்கமாக நகர, ஓடுபவர் இடைவெளி திறக்கும் இடத்தில் சட்டென்று திரும்பி நுழையும் ஆட்டத்தையே அடித்தளமாகக் கொண்டிருந்தது. ப்ளேஆஃபில் டல்லாஸுக்கு எதிராக 273 யார்டுகள் ஓடியது. ஆறு பேர் அகலமாக நிற்கும்போது, முன்வரிசையில் எவரையும் இருவர் சேர்ந்து தள்ள முடிவதில்லை, ஓரங்களும் மூடிவிடுகின்றன. டிசம்பரில் தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபேன்ஜியோவின் சிகாகோ தடுப்பு இந்த அமைப்பைக் கொண்டு ரேம்ஸை 15-6 என்று வீழ்த்தியது. பிப்ரவரியில், அப்போது நியூ இங்கிலாந்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பெலிசிக் அதையே சூப்பர் போலில் கையாள, 62 ரன் யார்டுகளோடு முடங்கிய ரேம்ஸ் 13-3 என்று தோற்றது. நடுக்களத்தில் ஒரே ஆள் காவல் இருப்பதால் அங்கே குறும்பாஸ்களுக்கு இடமுண்டு. என்றாலும் ஒரே வீச்சில் ஆட்டம் கைநழுவும் அபாயம் இதில் குறைவு.

எதிரணி இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதை நம் ரன்னிங் பேக்கைவிட நம் குவாட்டர்பேக்கே அதிகம் முடிவுசெய்கிறார். 2024 பருவத்தில் 2,005 யார்டுகள் ஓடிய ஃபிலடெல்ஃபியாவின் சேக்வான் பார்க்லியை, 2025 பிப்ரவரி சூப்பர் போலில் கான்சாஸ் சிட்டி 25 ஓட்டங்களில் 57 யார்டுகளுக்குள் நிறுத்திக் காட்டியது. ஃபிலடெல்ஃபியாவோ 40-22 என்று வென்றது. 22 பாஸ்களில் 17ஐச் சேர்ப்பித்து, தானும் 72 யார்டுகள் ஓடிய அதன் குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் ஆட்டநாயகன் ஆனார்.