கார் ஷெட்டுக்குள் மழைநீர்: வாசல் மேடா, கம்பி மூடிக் கால்வாயா?

சென்னையில் தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போக, பழைய வீடுகளின் கார் ஷெட் பள்ளமாகிவிட்டது. எங்கள் வீடும் அப்படித்தான். ஐப்பசி பிறந்தால் ஷட்டருக்கு அடியில் தண்ணீர் நாக்கை நீட்டும்.

சுலபமான வழி, ஷட்டர் வந்து உட்காரும் இடத்தில் குறுக்காக இரண்டு அங்குல சிமெண்ட் மேடு. கொத்தனார் அரை நாளில் முடித்துவிடுவார். இரு பக்கமும் சரிவாக இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கூட்டர் ஏற்றுகிற அம்மாவிடம் திட்டு விழும். ஆனால் மேடு தண்ணீரைத் தடுக்கும், எங்கும் அனுப்பாது. அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வெளியேறவும் விடாது.

கால்வாய் என்றால் ஷட்டருக்கு முன்னால் ஆறு அங்குல அகலத்தில் வெட்டி, மேலே இரும்புக் கம்பி மூடி போட வேண்டும். பத்து அடிக்கு ஒரு அங்குலமாவது சரிவு வேண்டும். செலவு அதிகம். வேப்பஞ்சருகு அடைத்துக்கொள்ளும், மூடியைத் தூக்கி வாரிப் போட வேண்டும். அதைவிட முக்கியம், தண்ணீர் போய்ச் சேரும் இடம். தெரு வடிகால் நம் கால்வாயைவிட உயரமாக இருந்தால் தண்ணீர் எதிர்த்து வரும். அப்புறம் தொட்டி, மோட்டார் என்று இழுக்கும்.

தெருத் தண்ணீர் நுழைகிற வீட்டுக்கு நான் மேட்டையே சொல்வேன், ஷட்டர் அடியில் ரப்பர் பட்டையோடு. சொந்த வாசலே உள்நோக்கிச் சரிந்திருந்தால் கால்வாய்தான்.